சின்ன கிடாரின் கனத்த குரல்

ப்ளூஸ் வாசிக்கப் பெரிய கிடார் வேண்டுமா? மட்டாஞ்சேரியின் மெஹ்ஃபில் மரபிலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

மட்டாஞ்சேரியில் பாட்டு வளர்ந்தது மேடைகளில் அல்ல, அறைகளில். மிளகும் சுக்கும் மணக்கும் கிடங்குகளுக்கு இடையே, கல்யாண வீடுகளிலும் நண்பர்களின் கூடங்களிலும் விடிய விடிய மெஹ்ஃபில் நடக்கும். 1954இல் வந்த 'நீலக்குயில்' படத்தில் பாடிய மெஹபூப், மலையாள கஜலைப் பரவலாக்கி 2018இல் மறைந்த உம்பாயி ஆகியோர் இந்த மரபில் வந்தவர்கள். ஒரு ஆர்மோனியம், ஒரு தபலா, சுற்றிலும் முப்பது பேர். பாடகர் ஒரு வரி பாடுவார். ஆர்மோனியம் அதை வாங்கித் திருப்பிச் சொல்லும்.

அமெரிக்காவின் மிஸிஸிப்பிப் பகுதியில், பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின மக்களிடையே பிறந்த ப்ளூஸும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். குரல் ஒரு வரி சொல்லும், கிடார் பதில் சொல்லும். சபை பெரும்பாலும் ஒரு வீட்டுத் திண்ணை அல்லது நெரிசலான மதுக்கூடம்.

கொச்சிக்குக் கிடார் புதிதல்ல. இங்கு உருவான 13 ஏ.டி. என்ற ராக் குழு 1990இல் 'கிரவுண்ட் ஸீரோ' ஆல்பத்தை வெளியிட்டு நாடெங்கும் பெயர் வாங்கியது. ஆனால் தனியாக உட்கார்ந்து ப்ளூஸ் வாசிக்க ஆசைப்படும் ஒருவர் கடைக்குப் போனால், முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் 'ட்ரெட்நாட்' எனும் பெரிய உடல் கிடார். தோள் உயர்ந்து, முழங்கை வலித்து, மூன்று மாதத்தில் அது பீரோ மேல் ஏறிவிடுகிறது. 'எனக்குக் கிடார் வராது' என்று முடிவு கட்டுகிறார்கள். பல சமயம் வராதது வித்தையல்ல. அளவு பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

ட்ரெட்நாட் என்பது 1906இல் பிரிட்டன் கடலில் இறக்கிய போர்க்கப்பலின் பெயர். மார்ட்டின் நிறுவனம் 1916இல் டிட்ஸன் என்ற விற்பனை நிறுவனத்துக்காக இந்த வடிவத்தைச் செய்தது. தன் சொந்தப் பெயரில் 1931இல் விற்கத் தொடங்கியது. குழுவோடு வாசிக்க, உரக்கத் தட்டிப் பாட, அருமையான கருவி. சின்ன அறையில் விரலால் மீட்டும்போதோ கீழ்ஸ்தாயி பொங்கி வந்து குரலை மூடிவிடும்.

பழைய ப்ளூஸ்காரர்கள் பலர் வைத்திருந்தவை சின்ன கிடார்கள். ராபர்ட் ஜான்ஸன் 1936, 1937 ஆகிய இரண்டே ஆண்டுகளில் 29 பாடல்களைப் பதிவு செய்துவிட்டு, 1938இல் 27 வயதில் இறந்தார். அவருடைய புகழ்பெற்ற ஸ்டூடியோ புகைப்படத்தில் மடியில் இருப்பது கிப்ஸன் எல்-1. இன்னும் வசதி குறைந்தவர்கள் 'ஸ்டெல்லா' போன்ற மலிவுக் கிடார்களை வாங்கினார்கள். அவற்றின் மேற்பலகைக்கு அடியில் குறுக்குச் சட்டங்கள் ஏணிப்படி போல வரிசையாக இருக்கும். ஒலி சட்டென்று எழும், சட்டென்று அடங்கும். ப்ளூஸுக்கு வேண்டிய அந்த வறண்ட, வெடுக்கென்ற பேச்சு இதிலிருந்து வந்தது.

இப்போது அளவுகளை ஒப்பிடுவோம். ட்ரெட்நாட்டின் அகன்ற பகுதி சுமார் 15.6 அங்குலம். மார்ட்டின் கணக்கில் '000' வகை 15, '00' வகை 14.3, '0' வகை 13.5 அங்குலம். கிப்ஸன் எல்-00 இடையில் 14.75. அகலத்தோடு ஆழமும் குறைவதால் உள்ளே காற்று குறைவு. கீழ்ஸ்தாயி அடங்கி, நடுஸ்தாயி முன்னே வரும். மனிதக் குரலும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. மெல்லத் தொட்டாலும் ஒலிக்கும் என்பது கூடுதல் லாபம்.

அடுத்தது தந்தி நீளம். ட்ரெட்நாட்டில் 25.4 அங்குலம், '000' வகையில் பொதுவாக 24.9, எல்-00இல் 24.75. அரை அங்குலம்தானே என்று நினைக்க வேண்டாம். ஒரே தந்தி, ஒரே சுருதி என்றால் இழுவிசை 4 முதல் 5 சதவீதம் குறையும். ப்ளூஸின் உயிர், தந்தியை வளைத்து ஸ்வரத்தை அசைப்பது. கமகம் தெரிந்த நமக்கு அந்த 5 சதவீதத்தின் அருமை விரல் நுனியில் புரியும்.

மரமும் பேசும். மஹோகனி உடல் நேரடியாக, கார்வையில்லாமல் ஒலிக்கும். ஈட்டி மரத்தில் ரீங்காரம் அதிகம். பிரேசில் ஈட்டி கிடைப்பது அரிதானதும், 1969 வாக்கில் மார்ட்டின் நாடியது நம் நாட்டு ஈட்டியைத்தான்.

தந்தி மேல் கண்ணாடிக் குழலை வழுக்கி வாசிக்கும் 'ஸ்லைடு' பாணிக்கு வேறொரு தேர்வு உண்டு. உலோகக் கூம்பு பொருத்திய நேஷனல் கிடார், 1927இல், ஒலிபெருக்கி பரவாத காலத்தில் வந்தது. சன் ஹவுஸ், புக்கா ஒயிட் ஆகியோர் கையில் அது அலறியது. இந்தப் பாணி நமக்கு அந்நியமில்லை. விஸ்வமோகன் பட், ரை கூடருடன் மோகன வீணை வாசித்த ஆல்பம் 1994இல் கிராமி விருது பெற்றது.

கொச்சியில் வாங்குகிறவருக்கு இன்னொரு எதிரி, ஈரம். மரக்கிடாருக்கு ஏற்றது 45 முதல் 55 சதவீத ஈரப்பதம். இடவப்பாதி மழையில் இங்கு அது 80ஐத் தாண்டும். மேற்பலகை உப்பும், தந்திகள் உயர்ந்து விரலை வதைக்கும், பசை இளகும். எனவே மழைக்காலத்தில் கெட்டியான பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளோடு வைக்க வேண்டும். முழுப் பலகைக்குப் பதில் ஒட்டுப்பலகை உடலை வாங்கினால் ஒலியில் கொஞ்சம் நஷ்டம், நிம்மதியில் நிறைய லாபம். பூச்சுப் பூசிய தந்திகள் துருவைத் தள்ளிப்போடும்.

பிறகு எதை வாங்குவது? கையில் காசு குறைவென்றால், 24 அங்குலத் தந்தி நீளமுள்ள கிரெட்ச் ஜிம் டேண்டி. விலை மலிவு, ஒலியில் பழைய வாசனை. பல பாணிகளும் வாசிக்க விரும்புகிறவருக்கு, முழு ஸ்ப்ரூஸ் மேற்பலகை கொண்ட யமஹா எஃப்.எஸ். 800. வசதியுள்ளவர் மஹோகனியில் '00' வகையைத் தேடலாம்.

எதுவானாலும் கடையில் கிடாரை மடியில் வைத்து, தோளைத் தளரவிட்டு, பத்து நிமிடம் மெதுவாக வாசித்துக்கொண்டே பாடிப் பாருங்கள். உங்கள் குரல் உங்களுக்குத் தெளிவாகக் கேட்டால் அதுவே சரியான அளவு. விலைச்சீட்டை அதற்குப் பிறகு திருப்பினால் போதும்.