பரேலி என்றொரு கிருமி

2012-இல் அமெரிக்காவின் 28 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலுமாக 425 பேர் சால்மோனெல்லா கிருமியால் நோயுற்றார்கள். 410 பேரிடம் இருந்தது ‘பரேலி’ வகை. ஆம், உத்தரப் பிரதேசத்துப் பரேலியேதான்! மீதி 15 பேரிடம் அதைவிட அரிதான ‘என்சாங்கா’. அது ஸாம்பியா நாட்டு ஊர்.

சால்மோனெல்லாவில் 2,500-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. முதலில் அகப்பட்ட ஊரின் பெயரைச் சூட்டுவது பழைய வழக்கம். வகையைக் கண்டறிவதும் பழைய முறைதான்: கண்ணாடித் தகட்டில் கிருமியைக் கரைத்து, ஒரு சொட்டு எதிர்சீரம் விட வேண்டும். பொருந்தினால் திரிந்த பால்போலத் திரளும். எல்லா வகைகளையும் பிரித்தறிய 150-க்கும் மேற்பட்ட சீரங்கள் தேவை. எப்போதோ ஒருமுறை வரும் வகைக்காக அத்தனையையும் வாங்கிவைக்க எந்தச் சிறிய ஆய்வகத்தால் முடியும்? போதாக்குறைக்கு, சில கிருமிகள் சீரமே இல்லாமல் தாமாகத் திரண்டு குழப்பும்.

மரபணுவைப் படித்தால் இந்தத் தொல்லை இல்லை. கிருமியின் மேற்பரப்பையும் நீந்த உதவும் கசையிழையையும் உருவாக்கும் மரபணுக்களைப் பார்த்தே கணினி வகையைச் சொல்லிவிடும். ஆனால் பெயர் வேறு, பூர்வீகம் வேறு. பூர்வீகத்தை அறிய முழு மரபணுத் தொகுதியும் வேண்டும்: ஏறத்தாழ 48 லட்சம் எழுத்துகள். இரண்டு கிருமிகளுக்கிடையே சில எழுத்துகளே மாறியிருந்தால் அவை நெருங்கிய பங்காளிகள்.

அமெரிக்க நோய்ப்பரவலில் மாட்டியது சுஷியில் சேர்த்த சூரை மீன். கேரளத்திலிருந்து போன சரக்கு. முள்ளில் ஒட்டிய சதையைச் சுரண்டியெடுத்து உறையவைத்தது. அதைப் பிடித்துக்கொடுத்தது மரபணு அல்ல. நோயாளிகளிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, சரக்கு வந்த வழியைத் தேடிப்போன பழைய துப்பறிதல்தான். மரபணுவை வெட்டிக் கூழ்மத்தில் பட்டைகளாகப் பிரிக்கும் அன்றைய சோதனையில், தொடர்பே இல்லாத பரேலிக் கிருமிகளும் ஒன்றுபோலவே தெரிந்தன. முழுத் தொகுதியையும் படித்தபோதுதான் அவை தனித்தனியே பிரிந்தன. நோயாளிகளிடம் கிடைத்த கிருமிக்கு மிக நெருங்கிய உறவாக வந்து நின்றது, பல ஆண்டுகளுக்கு முன் இந்திய இறாலில் எடுத்த ஒரு கிருமி. அந்த இறால் பதப்படுத்தப்பட்ட இடம், சூரை ஆலையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்.

அந்த இறால் கிருமியை அப்போதே யாரும் தூக்கிப் போட்டுவிடவில்லை. பெயர் ஒட்டிய ஒரு குப்பியில் அது அத்தனை ஆண்டும் கிடந்தது.