ரோந்து ரைபிள்

ரோந்து ரைபிள் என்பது ஐக்கிய அமெரிக்காவில் ரோந்துப் பணியில் ஈடுபடும் காவலர்களின் வண்டிகளில் வைக்கப்படும், தோளில் அணைத்துச் சுடும் துப்பாக்கி ஆகும். பெரும்பாலும் ஏஆர்-15 வகையைச் சேர்ந்த அரைத்தானியங்கித் துப்பாக்கிகள் இதற்குப் பயன்படுகின்றன. விசையை ஒருமுறை இழுத்தால் இவை ஒரு தோட்டாவை மட்டுமே சுடும். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இவ்விடத்தில் 12 கேஜ் ஷாட்கன் எனப்படும் சிதறுகுண்டுத் துப்பாக்கியே இருந்தது. ரெமிங்டன் 870 அவற்றுள் மிகவும் அறியப்பட்டதாகும்.

இயங்கும் முறை

ஷாட்கன் குழலின் உட்புறம் பொதுவாக வழவழப்பானது. காவல்துறையினர் பயன்படுத்தும் தோட்டா ஒன்றில் சுமார் 8.4 மி.மீ. விட்டமுள்ள 8 அல்லது 9 ஈயக்குண்டுகள் இருக்கும். சுட்டவுடன் இவை ஒன்றாக வெளியேறி, செல்லும் வழியில் விலகி விரிகின்றன. ரைபிளின் குழலினுள் சுருள் வடிவப் புரிகள் வெட்டப்பட்டிருக்கும். அதனால் குண்டு தன்னைத்தானே சுழன்றுகொண்டு நேர்கோட்டை ஒட்டிச் செல்கிறது. இதில் வெளியேறுவது ஒரே குண்டு. அதன் எடை 4 கிராம் அளவே எனினும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் ஆகும்.

மாற்றத்திற்கான காரணங்கள்

துல்லியம்: ஈயக்குண்டுகள் ஒரு மீட்டர் தொலைவுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 செ.மீ. வரை விரியும் என்பது பழைய பொதுக்கணக்கு. அதன்படி 20 மீட்டரில் அவற்றின் பரவல் அரை மீட்டர் ஆகிவிடும். மனித உடலின் அகலமும் ஏறத்தாழ அவ்வளவே என்பதால் சில குண்டுகள் இலக்கைத் தவறிச் செல்லக்கூடும். தவறிய ஒவ்வொரு குண்டும் அவ்வழியே நிற்பவரைத் தாக்கலாம். நெருக்கமாகச் செல்லும் புதுவகைத் தோட்டாக்கள் இக்குறையைக் குறைத்துள்ளன.

உடற்கவசம்: கைத்துப்பாக்கிக் குண்டுகளையும் ஷாட்கன் ஈயக்குண்டுகளையும் தடுக்கும் மென்கவசங்களை ரைபிள் குண்டு துளைத்துவிடும்.

கையாளுதல்: ரைபிளின் பின்னுதைப்பு குறைவு. எனவே உடல் வலிமை குறைந்தோரும் எளிதில் பயில முடிகிறது. ஷாட்கன் பொதுவாக 4 முதல் 7 தோட்டாக்களைக் கொள்ளும். ரைபிளின் தோட்டாப்பெட்டி 30 தோட்டாக்களைக் கொள்ளும்.

சுவர் ஊடுருவல்: வேகம் மிகுந்த ரைபிள் குண்டு எல்லாச் சுவர்களையும் எளிதில் கடந்துவிடும் என்று பலர் கருதுவர். ஆனால், எடை குறைந்த சில வகைக் குண்டுகள் ஜிப்சம் பலகைச் சுவரில் மோதியதும் தடுமாறி உடைந்துவிடுகின்றன. இவை கைத்துப்பாக்கிக் குண்டைவிடக் குறைவாகவே ஊடுருவக்கூடும். இது குண்டின் அமைப்பைப் பொறுத்ததாகும்.

திருப்புமுனை நிகழ்வுகள்

1997 பெப்ரவரி 28 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வடக்கு ஹாலிவுட்டில், உடற்கவசம் அணிந்த இரு வங்கிக் கொள்ளையர் தானியங்கித் துப்பாக்கிகளால் சுட்டனர். காவலர்களிடம் இருந்த கைத்துப்பாக்கிகளும் ஷாட்கன்களும் அக்கவசத்தைத் துளைக்கவில்லை. சிலர் அருகிலிருந்த துப்பாக்கிக் கடையில் ரைபிள்களைப் பெற்றனர். ஏறத்தாழ 44 நிமிடங்கள் நீடித்த இம்மோதலில் 12 காவலர்களும் 8 பொதுமக்களும் காயமுற்றனர். கொள்ளையர் இருவரும் இறந்தனர். இதன் பின்னர் பாதுகாப்புத்துறை 600 எம்16 துப்பாக்கிகளை அந்நகரக் காவல்துறைக்கு வழங்கியது.

1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் கொலம்பைன் உயர்நிலைப்பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்தபோது, முதலில் வந்த காவலர்கள் சிறப்புப் படைக்காகக் காத்திருந்தனர். அதன் பிறகு, முதலில் வருபவரே உள்ளே சென்று தாக்குபவரைத் தடுக்க வேண்டும் என்ற பயிற்சிமுறை பரவியது. நீண்ட நடைகூடங்களில் துல்லியமாகச் சுடும் தேவையும் அதனுடன் எழுந்தது.

ஷாட்கனின் இன்றைய பயன்பாடு

ஷாட்கன் முற்றிலும் கைவிடப்படவில்லை. உயிர்ச்சேதத்தைத் தவிர்க்கும் நோக்கில் சிறு பை வடிவ எறிபொருள்களைச் சுடவும், கதவின் பூட்டையும் கீலையும் உடைக்கவும் அது பயன்படுகிறது. உயிர்கொல்லித் தோட்டாக்களுடன் குழப்பம் நேராதிருக்க, எறிபொருள்களுக்கான துப்பாக்கிகளைப் பல துறைகள் தனி நிறத்தில் அடையாளப்படுத்துகின்றன.

விமர்சனங்கள்

ரைபிள்கள் காவல்துறையை இராணுவம்போல் ஆக்குகின்றன என்ற விமர்சனம் 2014இல் மிசூரி மாநிலத்தின் பெர்குசன் போராட்டங்களின்போது வலுப்பெற்றது. ஆயுதம் மட்டும் போதுமானதன்று என்பதை 2022 மே 24 அன்று டெக்சாசின் யுவால்டி தொடக்கப்பள்ளியில் நடந்த நிகழ்வு காட்டியது. அங்கு திரண்ட 376 அதிகாரிகளில் பலரிடம் ரைபிள்கள் இருந்தன. இருப்பினும் அவர்கள் தாக்கியவனை எதிர்கொள்ள ஒரு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. அந்நிகழ்வில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் உயிரிழந்தனர்.