பென் டிரைவிலிருந்து கணினி எழாவிட்டால்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 வசதியோ புதிய செயலியோ இல்லாத கணினிகள் ஏராளம். அவற்றில் பல இன்றும் நன்றாக ஓடுகின்றன. லினக்ஸை நிறுவினால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். அதற்குத் தேவை 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பு ஒன்றும்தான். ஆனால் பலருக்கு முதல் முயற்சியிலேயே சிக்கல் வந்துவிடுகிறது. திரை கறுப்பாகவே நிற்கும், அல்லது பென் டிரைவைச் செருகியதே தெரியாததுபோலப் பழைய விண்டோஸ் வந்து நிற்கும்.

உடனே பென் டிரைவை அழித்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்குகிறோம். கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் வாய்க்கால் முழுவதையும் யாரும் தோண்டுவதில்லை. எந்த மதகில் நின்றது என்றுதான் பார்ப்பார்கள். கணினி எழுவதும் பல மதகுகளைக் கடக்கும் வேலைதான். நின்ற இடம் தெரிந்துவிட்டால் பழுதைத் தேடும் பரப்பு சுருங்கிவிடும்.

கோப்பும் எழுதும் முறையும்

முதலில் இறக்கிய கோப்பைச் சோதியுங்கள். இறக்கத்தின் நடுவே இணைப்பு அறுந்திருந்தால் கோப்பு குறைபட்டிருக்கும். லினக்ஸ் வெளியீட்டாளர்கள் ஐஎஸ்ஓ கோப்போடு எஸ்ஹெச்ஏ-256 என்ற சரிபார்ப்புக் குறியையும் தருகிறார்கள். இது 64 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு வரி. உங்கள் கணினியில் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, இரண்டு வரிகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்தக் கோப்பை விட்டுவிட்டு மறுபடி இறக்குங்கள்.

அடுத்தது எழுதுவது. ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் சாதாரணக் கோப்பாக நகலெடுத்துப் போட்டால் கணினி எழாது. ஏன் என்பதற்கு விடை, கணினி எழும் முறையில் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் தாய்ப்பலகையிலுள்ள சிறு நிரல்தான் முதலில் ஓடும். பழைய கணினிகளில் அதன் பெயர் பயாஸ். அது வட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படித்து, அங்கிருக்கும் குட்டி நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கும். இன்றைய கணினிகளில் இருப்பது யூஇஎஃப்ஐ. அது ஃபேட் வடிவிலுள்ள பகுதியைத் திறந்து, இஎஃப்ஐ என்ற கோப்புறைக்குள் இருக்கும் பூட் கோப்புறையில் குறிப்பிட்ட பெயருள்ள நிரலைத் தேடும். ஐஎஸ்ஓவைப் பிரித்துப் பார்க்க இரண்டுக்குமே தெரியாது. அதனால்தான் ரூஃபஸ், பலேனா எட்சர், வென்டாய் போன்ற கருவிகள் தேவைப்படுகின்றன.

குறுவட்டுக்கான ஐஎஸ்ஓ 9660 வடிவம் தன் முதல் 32 கிலோபைட்டுகளைக் காலியாக விடுகிறது. லினக்ஸ் உருவாக்குநர்கள் அந்த இடத்தில் பூட் நிரலையும் வைத்துவிடுகிறார்கள். அதனால் பெரும்பாலான லினக்ஸ் ஐஎஸ்ஓக்களைப் பைட்டுக்குப் பைட் அப்படியே பென் டிரைவில் எழுதலாம். ரூஃபஸில் இதற்கு டிடி முறை என்று பெயர். அதன் மற்றொரு முறையான ஐஎஸ்ஓ முறையில் எழுதி எழாவிட்டால் டிடி முறையைத் தேர்ந்தெடுங்கள். எழுதி முடிந்ததும் 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். விண்டோஸுக்குப் புரியாத வடிவம் என்பதால்தான் அது கேட்கிறது.

விண்டோஸின் ஐஎஸ்ஓவுக்கு இந்த முறை உதவாது. அதன் கோப்புகளைப் பிரித்தே பென் டிரைவில் வைக்க வேண்டும். ஆனால் அதிலுள்ள முதன்மைக் கோப்பு பெரும்பாலும் 4 ஜிபியைத் தாண்டிவிடும். ஃபேட்32 அவ்வளவு பெரிய கோப்பை ஏற்காது. அதனால் ரூஃபஸ் என்டிஎஃப்எஸ் வடிவில் எழுதி, அதைப் படிக்க யூஇஎஃப்ஐக்கு உதவும் சிறு நிரலையும் சேர்த்துக் கொடுக்கிறது.

பூட் பட்டியலும் பாதுகாப்பும்

பென் டிரைவ் சரியாக இருந்தும் பழைய விண்டோஸே வந்தால், கணினி பென் டிரைவைத் தேடவில்லை என்று பொருள். கணினியை இயக்கியதும் பூட் பட்டியலுக்கான விசையை அழுத்துங்கள். டெல், லெனோவோ கணினிகள் பலவற்றில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதி விசைக்கு இடம் தராவிட்டால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். பட்டியலில் ஒரே பென் டிரைவ் இரண்டு வரிகளில் தெரியலாம். யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டுள்ள வரி புதிய முறை, மற்றது பழைய முறை. ஏற்கெனவே உள்ள இயங்குதளத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் இன்னொன்றை நிறுவுவதாக இருந்தால், அது எந்த முறையில் நிறுவப்பட்டதோ அதையே தேர்ந்தெடுங்கள்.

'செக்யூர் பூட்' தடுப்பதாகச் செய்தி வந்தால், அந்தப் பூட் நிரலில் கணினி நம்பும் கையொப்பம் இல்லை என்று பொருள். உபுண்டு, டெபியன், ஃபெடோரா ஆகியவற்றில் கையொப்பம் உண்டு. முதலில் அவற்றின் புதிய பதிப்பை முயலுங்கள். செக்யூர் பூட்டை அணைத்தே ஆகவேண்டும் என்றால், விண்டோஸ் வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் வசதியின் மீட்புக் குறியிலுள்ள 48 இலக்கங்களையும் முன்கூட்டியே வேறிடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பழைய வட்டின் தரவு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளக்கூடும்.

பட்டியல் வந்தபின் நின்றால்

லினக்ஸின் தொடக்கப் பட்டியல் தெரிந்து, அதன்பின் திரை கறுத்துவிட்டால், பென் டிரைவைச் சந்தேகிப்பதற்கு முன் கிராஃபிக்ஸ் டிரைவரைச் சந்தேகியுங்கள். பட்டியலில் 'சேஃப் கிராஃபிக்ஸ்' அல்லது 'கம்பேட்டிபிலிட்டி' என்ற வரி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் இ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில் நோமோட்செட் என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள்.

நிறுவும் நடுவில், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் பிழை வந்தால் பென் டிரைவோ யூஎஸ்பி துளையோ பழுதாக இருக்கலாம். துளையை மாற்றுங்கள், ஹப் வழியாகச் செருகாதீர்கள். அதிகக் கொள்ளளவு அச்சிட்டு விற்கப்படும் போலி பென் டிரைவுகளும் உண்டு. அவை எழுதும்போது ஏற்றுக்கொண்டு, படிக்கும்போது கைவிரிக்கும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 ஆகிய இலவசக் கருவிகள் அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

எல்லாம் சரியாக வந்து, நிறுவ வேண்டிய வட்டு மட்டும் பட்டியலில் இல்லையா? இன்டெலின் 11-ஆம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தையதோ உள்ள மடிக்கணினிகள் பலவற்றில் இதற்குக் காரணம் வட்டுகளை நிர்வகிக்கும் விஎம்டி அமைப்பு. விண்டோஸ் நிறுவியில் அதற்கான டிரைவரை ஏற்ற வேண்டும். யூஇஎஃப்ஐ அமைப்புகளில் விஎம்டியை அணைக்கவும் செய்யலாம். ஆனால் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் அதன்பின் எழாமல் போகலாம் என்பதை மறக்காதீர்கள்.

எந்தக் கட்டத்திலும் ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்யாதீர்கள். எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும். திரையில் வந்த செய்தியைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதும் கருவியில் வட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரையும் கொள்ளளவையும் இருமுறை பாருங்கள், தவறான வட்டைத் தொட்டால் அதிலுள்ளவை அழிந்துபோகும். முக்கியமான கோப்புகளை முன்பே வேறிடத்தில் நகலெடுத்துவிடுங்கள். இவ்வளவும் செய்து பார்த்த பிறகே ஒரு பழைய கணினியை உதவாது என்று ஒதுக்குங்கள்.