நிலவறையைக் குடியிருப்பாக மாற்றுதல்

நிலவறை என்பது வீட்டின் தரைத்தளத்துக்குக் கீழே மண்ணுக்குள் அமையும் தளமாகும். கனடாவில் இதைத் தமிழரும் பேஸ்மென்ட் என்றே சொல்வர். ஒன்றாரியோ மாகாணத்தின் தனி வீடுகள் பெரும்பாலானவற்றில் இது உண்டு. காரணம் குளிர். மண்ணிலுள்ள நீர் உறைந்து விரிந்தால் அடித்தளத்தையே தூக்கிவிடும். ஆகையால் டொராண்டோவில் அடித்தளத்தை ஏறத்தாழ 1.2 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்கிறார்கள். இன்னும் சற்றுத் தோண்டினால் ஒரு தளமே கிடைத்துவிடும். 1980களில் இலங்கையிலிருந்து அங்கு சென்ற தமிழர் பலருக்கு முதல் வாடகை வீடு இத்தகைய நிலவறைதான்.

வெறும் கான்கிரீட் சுவரும் வெந்நீர்க் கொதிகலனுமாகக் கிடக்கும் நிலவறையை வசிப்பிடமாக்கும்போது பலரும் தரை ஓட்டையும் சுவர் வண்ணத்தையும் முதலில் தேர்ந்தெடுக்கின்றனர். முதலில் பார்க்க வேண்டியது நீரை. சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு புறமும் ஒட்டி இரண்டு நாள் விட்டால் போதும். தாளின் உட்புறம் நனைந்திருந்தால் ஈரம் சுவர் வழியாக வருகிறது; வெளிப்புறம் நனைந்திருந்தால் அறைக்காற்றின் ஈரமே குளிர்ந்த பரப்பில் படிகிறது. முன்னதற்கு வெளிப்புற வடிகாலையும் கூரைநீர்க் குழாய்களையும் சீர்செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் பலகை அடித்தால் சுவருக்குள் பூஞ்சணம் வளரும், கண்ணுக்கும் தெரியாது. கான்கிரீட்டை ஒட்டிக் கண்ணாடியிழைப் பஞ்சு வைப்பதும் இதே கேட்டைத் தரும். முதலில் கெட்டியான நுரைப்பலகையை ஒட்டி, அதன் முன் மரச்சட்டம் நிறுத்துவது நல்லது.

இன்னோர் ஆபத்து கழிவுநீர். 2013 சூலை 8 அன்று டொராண்டோ விமான நிலையப் பகுதியில் 126 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, சாக்கடை நீர் பின்னோக்கி ஏறிப் பல நிலவறைகளில் புகுந்தது. கழிவுநீர்க் குழாயில் பின்னோட்டத் தடுப்பு வால்வு பொருத்துவதற்கு மாநகராட்சி மானியமும் தருகிறது. தரையை மூடிய பின் இந்த வால்வைப் பொருத்துவதென்றால் தரையை மறுபடி உடைக்க நேரும்.

அடுத்தது தப்பும் வழி. படுக்கையறை உள்ள தளத்திலிருந்து நேரே வெளியே செல்லும் கதவு இல்லையென்றால், சாவியோ கருவியோ இன்றி உள்ளிருந்து திறக்கக்கூடிய சன்னல் ஒன்றாவது வேண்டும். அதன் திறப்பு 0.35 சதுர மீட்டருக்கும், எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்கும் குறையக்கூடாது. தீப்பற்றிப் படிக்கட்டில் புகை நிறைந்தால் அந்தச் சன்னல்தான் வாசல். வாடகைக்காக அறைகளைப் பெருக்குவோர் பெரும்பாலும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். புகை எச்சரிக்கைக் கருவியும், எரிவாயு அடுப்போ கொதிகலனோ இருந்தால் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் கட்டாயம்.

தனிக் குடியிருப்பாக்கினால் கூரை உயரம் குறைந்தது 1.95 மீட்டர் இருக்க வேண்டும். பழைய வீடுகளில் இதற்காக அடித்தளத்தின் கீழே பகுதி பகுதியாகத் தோண்டிக் கான்கிரீட் இடுவதுண்டு. ஒரே மூச்சில் தோண்டினால் சுவர் சரியும். பொறியாளரின் வரைபடமும் கட்டட அனுமதியும் இன்றி இதில் இறங்கக்கூடாது.

மண்ணிலிருந்து கசியும் ரேடான் கதிரியக்க வாயு நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகலாம். அது ஒரு கனமீட்டருக்கு 200 பெக்கரலைத் தாண்டினால் குறைக்க வேண்டும் என்பது கனடா சுகாதாரத் துறையின் வழிகாட்டுதல். இதற்கான அளவியை, வீடு மூடியே இருக்கும் குளிர்காலத்தில், குறைந்தது மூன்று மாதமாவது நிலவறையில் வைத்திருக்க வேண்டும்.