படநூல் புகட்டும் பண்பு

தண்பொருநை எனப் பழந்தமிழர் போற்றிய தாமிரபரணி, பொதிகையிற் பிறந்து, திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் இரு கரைகளில் விளங்க ஓடுகிறது. பாளையங்கோட்டை பள்ளிகள் நிறைந்த ஊர். கண்பார்வை அற்றோர்க்கு 1890-ஆம் ஆண்டிலும், செவிப்புலன் அற்றோர்க்கு 1897-ஆம் ஆண்டிலும் அங்கே பள்ளிகள் தோன்றின. பிறர் ஒதுக்கிய குழந்தைகளையும் கல்விக்கு உரியவராக ஏற்ற பெருமை அவ்வூர்க்கு உண்டு.

ஆயினும், கல்வி மிகுந்த இடத்திலும் கனிவு தானாக மிகுவதில்லை. ஒரு மாணவனைப் பட்டப்பெயரிட்டு அழைப்பதும், அவனோடு அமர்ந்து உண்ண மறுப்பதும் வெறும் விளையாட்டு என்று சிலர் எண்ணுவர். அவ்விளையாட்டு வினையாக முடிவதும் உண்டு. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியில், சாதியின் பெயரால் உடன் பயின்றோர் இழைத்த துன்பத்தைப் பள்ளியில் எடுத்துரைத்த மாணவன் ஒருவன் தன் வீட்டிலேயே வெட்டுண்டான். தடுக்க முயன்ற தங்கையும் காயமுற்றாள். அதன்பின் தமிழக அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் அணிதல் கூடாது என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று.

கையிலுள்ள கயிற்றை ஆணை அறுக்கும். மனத்திலுள்ள கயிற்றை எது அறுக்கும்? பிறர் துயரைத் தம் துயராக உணரும் பழக்கம் இளமையிலேயே வேண்டும். அதற்குப் படநூல் நல்ல துணையாகும். 'நீ செய்தது தவறு' என்று நேரே கடிந்தால், குழந்தை தன்னைக் காத்துக்கொள்ளவே முனையும். படத்தில் வாடி நிற்கும் முகத்தைக் கண்டாலோ, அதன் காரணத்தை வினவும். எழுத்தறியாக் குழந்தையும் முகத்தைப் படிக்க வல்லது அன்றோ?

டென்மார்க்கு நாட்டு ஆண்டர்சன் 1843-ஆம் ஆண்டில் வெளியிட்ட அழகற்ற வாத்துக்குஞ்சின் கதை, பிற்காலத்தில் பல படநூல்களாக வடிவெடுத்தது. எல்லாராலும் கொத்தி விரட்டப்பட்ட குஞ்சு, இறுதியில் அன்னமாக வளர்ந்து போற்றப்படுகிறது. சென்னைத் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட 'கண்ணா பன்னா' என்னும் நூலில், ஸாய் விட்டேக்கர் பார்வையற்ற சிறுவன் ஒருவனைப் படைத்துள்ளார். அவன் பிறரோடு பேசக் கூசுபவன். உறவினரோடு குகையைக் காணச் சென்றபோது விளக்குகள் அணைந்துவிடுகின்றன. ஏனையோர் இருளில் திகைக்க, பார்வையின்றியே நடந்து பழகிய கண்ணா அவர்கட்கு வழிகாட்டுகிறான்.

இக்கதைகளைப் படித்து மகிழ்வதோடு நிறுத்தலாகாது. அக்குஞ்சு அன்னமாக வளராது வாத்தாகவே இருந்திருப்பின், அதனைக் கொத்துதல் முறையாகுமா? விளக்கு அணையாதிருப்பின், கண்ணா மதிக்கத் தகாதவனா? இவ்வினாக்களே கதையின் உயிர். அழகோ ஆற்றலோ வெளிப்பட்ட பின்னரே ஒருவரை ஏற்பது, கடையில் பொருளை ஆராய்ந்து விலை கொடுப்பது போன்றதாகும். உடன் பயில்வோர்க்குரிய மதிப்பு, அவர் வகுப்பில் வந்து அமர்ந்த நாளிலேயே உரியது.

தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என்னும் நான்கு படிகளில் சிறு படநூல்களை அரசுப் பள்ளிகளுக்கு வழங்கியுள்ளது. படநூல்களைத் தம்பி தங்கையர்க்குப் படித்துக் காட்டும்போது பக்கங்களை விரைந்து புரட்டாதீர்கள். துன்புறுபவனை மட்டுமன்றி, சுற்றி நின்று நகைப்போரையும், வாளா நிற்போரையும் சுட்டிக் காட்டுங்கள். 'நீ அங்கிருந்தால் என்ன செய்வாய்?' என வினவுங்கள். விடையை அவர்களே தேடட்டும். ஆனால், வகுப்பிலுள்ள ஒருவனைச் சுட்டி, 'இவனே அந்தக் குஞ்சு' என்று கூறாதீர்கள். அதுவும் ஒரு கொத்தே ஆகும்.

படநூல் ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிடாது. துன்புற்றவன் சொல்லைச் செவிமடுத்துக் காக்கும் ஆசிரியரும், அவனருகே சென்று அமரும் தோழனும் வேண்டும். மாணவர்களே, நாளை உணவு வேளையில் தனித்து உண்பவர் எவர் என்று பாருங்கள். நூலை மூடியபின் தொடங்கும் பாடம் அங்கேதான் இருக்கிறது.