தொடக்கநிலை ஈறு நோய்: கண்டறிதலும் கேட்க வேண்டியவையும்

பல்லும் ஈறும் சேரும் இடத்தில் படியும் நுண்ணுயிர்ப் படலத்தால் ஈறு சிவந்து வீங்கி, பல் துலக்கும்போது இரத்தம் கசிவது ஈறு நோயின் தொடக்கமாகும். ஆனால் "ஈறு நோய் ஆரம்பம்" என்ற சொல் இரு வேறு நிலைகளைக் குறிக்கக்கூடும். ஈறழற்சியில் ஈறு மட்டுமே பாதிக்கப்பட்டிருக்கும். படலத்தை நீக்கினால் அது பழைய நிலைக்குத் திரும்பும். மற்றது பல்சூழ் திசு நோயின் முதல் கட்டம். இதில் பல்லைத் தாங்கும் எலும்பு சற்றுக் கரைந்திருக்கும். மேலும் கரையாமல் தடுக்கலாமே தவிர, துலக்குவதால் எலும்பு மீண்டும் வளராது.

முதல் நிலை மீளக்கூடியது என்பதை 1965இல் ஹெரால்ட் லோ என்ற நார்வே நாட்டு ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் டென்மார்க்கில் காட்டினர். பல் துலக்குவதை நிறுத்திய 12 பேருக்கும் மூன்று வாரங்களுக்குள் ஈறழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சில நாட்களில் மறைந்தது.

அப்படியானால் கவனிக்காமல் விட்ட ஈறழற்சி எல்லோருக்கும் எலும்பு இழப்பில்தான் முடியுமா? இதற்கான விடை இலங்கை மலையகத் தமிழரிடம் கிடைத்தது. 1970 முதல் 15 ஆண்டுகள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரை லோ குழுவினர் மீண்டும் மீண்டும் பரிசோதித்தனர். அவர்களுக்குப் பல் துலக்கும் வழக்கமோ பல் மருத்துவமோ இல்லை. ஏறக்குறைய அனைவருக்கும் ஈறு வீங்கியிருந்தது, காரையும் நிறைந்திருந்தது. ஆயினும் 11 விழுக்காட்டினருக்கு நோய் ஈறழற்சியைத் தாண்டவில்லை. 81 விழுக்காட்டினருக்கு மிதமாக வளர்ந்தது. 8 விழுக்காட்டினருக்கு மட்டும் விரைந்து பரவி, 35 வயதிலேயே பல்லின் பிடிப்பு சராசரியாக 9 மில்லிமீட்டர் அளவுக்கு இழக்கப்பட்டிருந்தது. சிகிச்சையின்றி விடப்பட்ட மனிதர்களிடமிருந்து கிடைத்த அறிவு இது என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே இரத்தக் கசிவு ஓர் எச்சரிக்கை மட்டுமே. யார் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்பதை அளந்துதான் சொல்ல முடியும். மெல்லிய அளவுக் கம்பியால் ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் ஈற்றுப் பையின் ஆழம் பார்க்கப்படும். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. 4 என்று வந்தாலே எலும்பு போய்விட்டது என்று கொள்ளக் கூடாது. ஈறு வீங்கி மேலேறினாலும் பை ஆழமாகத் தோன்றும். பிடிப்பு இழப்பு எவ்வளவு என்பதும், எக்ஸ்ரேயில் எலும்பின் மட்டம் இறங்கியுள்ளதா என்பதும் சேர்ந்தே முடிவைத் தரும். 2018இல் வெளியான உலகளாவிய வகைப்பாட்டின்படி முதல் கட்டத்தில் பிடிப்பு இழப்பு 1 முதல் 2 மில்லிமீட்டர்.

ஏற்காட்டு மலையடிவாரத்துக் குப்பனூரிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுச் சேலத்துக்குப் போகிறவருக்கு, சாதாரணக் க்ளீனிங் போதுமா, வேர்வரை செய்யும் ஆழமான சுத்தம் வேண்டுமா என்பது பணத்தையும் பல்லையும் பொறுத்த கேள்வி. எந்தப் பல்லில், எத்தனை மில்லிமீட்டர், எக்ஸ்ரேயில் எலும்பு இறங்கியிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்பது மரியாதைக் குறைவல்ல. அளவுகளை எழுதி வாங்கிக்கொண்டால் வேறொரு மருத்துவரிடமும் காட்டலாம். அளவே பார்க்காமல் எல்லாப் பற்களுக்கும் ஆழமான சிகிச்சை என்றால் காரணம் கேட்கவே வேண்டும்.

நோயாளி தாமாகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. சர்க்கரை நோய், கருவுற்றிருப்பது, புகைப்பழக்கம், இரத்த அழுத்தத்துக்கான ஆம்லோடிபின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின் ஆகிய மாத்திரைகள். இந்த மாத்திரைகளால் சிலருக்கு ஈறு தடித்து வளரும். புகைப்பவருக்கு இரத்தம் குறைவாகவே கசிவதால் நோய் மறைந்திருக்கும்.

காரையை எடுத்தால் பல் ஆடும் என்ற அச்சம் ஊர்களில் பரவலாக உண்டு. எலும்பு ஏற்கெனவே கரைந்த பல்லைக் காரை ஒட்டிப் பிடித்திருக்கும். அது போனதும் ஆட்டம் தெரியவருகிறது. சுத்தம் செய்தபின் சில வாரங்கள் கழித்து அதே இடங்களை மறுபடி அளக்க வேண்டும். கசிவு நின்று ஆழமும் குறைந்திருந்தால் அது ஈற்றின் வீக்கமாகவே இருந்திருக்கக்கூடும். குறையாத இடங்களுக்கு மட்டும் அடுத்த கட்டச் சிகிச்சை பற்றிப் பேசலாம்.