லீவ் லெட்டர் கற்றுத் தந்த இங்கிலீஷ்

"அம்மா, இனிமே லீவ் லெட்டரை அப்பாவே எழுதட்டும்!"

ஏழாவது படித்துக் கொண்டிருந்த என் பெண் இப்படிச் சொன்னதும் மனசு சுருக்கென்றது. நான் எழுதிக் கொடுத்த லெட்டரில் டீச்சர் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். 'மை டாட்டர் இஸ் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ்' என்று எழுதியிருந்தேன். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். இதில் என்ன தப்பு என்றே புரியவில்லை!

அன்று ராத்திரி அடுக்களை வேலை முடிந்ததும் அவளுடைய கிராமர் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. நம் தப்புகளில் பல, தமிழில் நினைத்து இங்கிலீஷில் சொல்வதால் வருகிறவை. ஆனால் வழி காட்டுவதும் அதே தமிழ்தான்!

சின்ஸா, ஃபாரா?

'திங்கட்கிழமையிலிருந்து ஜுரம்' என்றால், ஆரம்பித்த நாளைச் சொல்கிறோம். அதற்கு 'சின்ஸ் மண்டே'. 'ரெண்டு நாளா ஜுரம்' என்றால், எத்தனை நாள் என்ற கணக்கு. அதற்கு 'ஃபார் டூ டேஸ்'. 'இலிருந்து' வந்தால் சின்ஸ், 'நாளா, மாசமா, வருஷமா' வந்தால் ஃபார். முன்பே ஆரம்பித்து இன்னமும் இருப்பதால் 'இஸ்' போதாது. 'ஹாஸ் பீன் சஃபரிங்' என்று எழுத வேண்டும்.

எ, ஆன்

'ஒரு வீடு, ஓர் ஊர்' என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான். உயிரெழுத்தின் ஒலிக்கு முன்னால் ஆன், மற்றதற்கு எ. ஸ்பெல்லிங்கைப் பார்க்காதீர்கள், சொல்லை உச்சரித்துப் பாருங்கள். 'யூனிஃபார்ம்' யகரத்தில் தொடங்குவதால் 'எ யூனிஃபார்ம்'. மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' அகர ஒலியில் தொடங்குவதால் 'ஆன் அவர்'.

வால் எங்கே?

போகிறேன், போகிறான், போகிறாள் என்று தமிழில் ஆளுக்கு ஒரு வால் உண்டு. இங்கிலீஷில் 'ஐ கோ, தே கோ' என்று வாலில்லாமல் விட்டுவிட்டு, ஹி, ஷி, இட் மூன்றுக்கு மட்டும் 'கோஸ்' என்று ஒரு 'ஸ்' ஒட்டுகிறார்கள். நாம் மறப்பது அந்த ஒன்றைத்தான். 'மை சன் கோ டு ஸ்கூல்' என்பது தப்பு. 'கோஸ்' என்பதே சரி.

இரண்டு தடவை உப்பு

'வந்தானா?' என்று கேட்க நினைத்து 'டிட் ஹி கேம்?' என்கிறோம். நடந்து முடிந்ததை 'டிட்' சொல்லிவிட்டதே! மறுபடி 'கேம்' போடுவது, ஒரே குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போடுகிற கதைதான். 'டிட் ஹி கம்?' போதும். அதேபோல 'டஸ்' வந்தால் 'கோஸ்' வேண்டாம். 'டஸ் ஹி கோ?'

இதையெல்லாம் ஒரே நாளில் படித்துவிடவில்லை. குழந்தை வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து, தினம் பத்து நிமிஷம். தெரியாததை அவளிடமே கேட்டேன். முதலில் சிரித்தாள். அப்புறம் டீச்சர் மாதிரி சொல்லித் தர ஆரம்பித்துவிட்டாள்!

இரண்டு மாசம் கழித்து அவளுக்கு மறுபடி ஜுரம். லெட்டரை நானே எழுதினேன். பள்ளிக்கூடம் போன அன்று சாயந்திரம், பையைக் கழற்றும்போதே சொன்னாள்:

"கோடு ஒண்ணுமே இல்லேம்மா!"